ஐடிஐயா, காலேஜா? நெல்லை அரசுப் பள்ளிகளில் இரண்டுக்கும் ஒரே அடித்தளம்

பத்தாம் வகுப்பு ரிசல்ட் வந்த அன்றே நெல்லைச் சீமையில் வீட்டுக்கு வீடு ஒரு பங்கீடு நடந்துவிடும். நானூறைத் தாண்டிய பிள்ளைக்கு பயாலஜி குரூப். முந்நூறு எடுத்தவனுக்கு காமர்ஸ். தட்டுத் தடுமாறிப் பாஸானவனுக்கு, "எய்யா, ஒனக்குப் படிப்பு ஏறல, பேட்டை ஐடிஐல சேந்துக்கோ" என்ற சொல். பல பள்ளிக்கூடங்களும் இதே கணக்கில்தான் பாடம் நடத்துகின்றன. காலேஜுக்குப் போகிறவர்களுக்குப் பாடம், மற்றவர்களுக்கு 35 மார்க்.

இந்தப் பங்கீடு எங்கே தவறுகிறது என்பதற்கு நம் ஊர்ப் பக்கமே சான்று இருக்கிறது. கூடங்குளம் அணுமின் நிலையத்தை நடத்தும் இந்திய அணுமின் கழகம், ஐடிஐ (தொழிற்பயிற்சி நிலையம்) முடித்தவர்களை உதவித்தொகையுடன் பயிற்சி தந்து டெக்னீஷியன்களாக எடுக்கிறது. அதற்கு ஐடிஐ சான்றிதழ் மட்டும் போதாது. பத்தாம் வகுப்பில் கணக்கிலும் அறிவியலிலும் தனித்தனியே 50 சதவீதம் வேண்டும். முதல் கட்டத் தேர்வில் 50 கேள்வி, ஒரு மணி நேரம். அதில் 20 கணக்கு, 20 அறிவியல், 10 பொது அறிவு. சரியான விடைக்கு 3 மார்க், தப்பானதற்கு 1 மார்க் கழிவு. படிப்பு வராதவன் போகும் வழி என்று ஊர் நினைத்துக்கொண்டிருக்கிற பாதையின் முதல் வாசலிலேயே பத்தாம் வகுப்புக் கணக்கு நிற்கிறது. வகுப்பில் 35 மார்க்கோடு தள்ளிவிடப்பட்ட பையன், இரண்டு வருடம் எலக்ட்ரீசியன் படித்துவிட்டு வந்தாலும் விண்ணப்பப் படிவத்தையே நிரப்ப முடியாது.

மற்ற இடங்களிலும் வேலையின் தன்மை இப்படித்தான் மாறியிருக்கிறது. கங்கைகொண்டான் சிப்காட் தொழிற்பேட்டையில் டாடா பவர் நிறுவனத்தின் சோலார் செல், மாட்யூல் ஆலை 4.3 ஜிகாவாட் திறனில் இயங்குகிறது. மகேந்திரகிரியில் இஸ்ரோவின் உந்துவிசை வளாகம் ராக்கெட் எஞ்சின்களைச் சோதிக்கிறது. பணகுடி, வள்ளியூர், ராதாபுரம் பக்கம் கண்ணுக்கெட்டிய தூரம் காற்றாலை. காற்றாலைக் கோபுரத்தின் உச்சியில் போல்ட் முடுக்குகிறவர் கையில் இருப்பது, முடுக்கும் விசையை அளந்து காட்டும் டார்க் ரெஞ்ச். எத்தனை நியூட்டன் மீட்டருக்கு முடுக்க வேண்டும் என்று கையேட்டில் ஒரு எண் இருக்கும். குறைந்தால் அதிர்வில் கழன்று வரும், கூடினால் மரை தேய்ந்தோ போல்ட் இழுபட்டோ போகும். அந்த நியூட்டன் மீட்டர் பத்தாம் வகுப்பு இயற்பியலில் திருப்புத்திறன் என்ற பெயரில் வருகிறது. கதவின் கீல் ஓரத்தில் தள்ளினால் ஏன் திறக்க மறுக்கிறது என்று விளக்கும் அதே பாடம்தான்.

காலேஜுக்கும் தொழிலுக்கும் தனித்தனியாகத் தயார்படுத்த வேண்டியதில்லை என்பதே நாங்கள் சொல்ல வருவது. ஒன்பதாம், பத்தாம் வகுப்பில் அளக்க, கணக்கிட, படித்துப் புரிந்துகொள்ளக் கற்றுக்கொண்ட பிள்ளைக்கு இரண்டு வழியும் திறந்திருக்கும். பிறகு வழி அடைபடுவது சில குறிப்பிட்ட இடங்களில்தான். அந்த இடங்கள் எவை என்று ஆசிரியருக்கும் பெற்றோருக்கும் முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும்.

வெர்னியரில் தொடங்குவோம்

ஒன்பதாம் வகுப்பு அறிவியலின் முதல் பாடமே அளவீடு. மில்லிமீட்டருக்கும் குறைந்த நீளத்தை அளக்கும் வெர்னியர் அளவியும் திருகு அளவியும் அதில் வருகின்றன. பிளஸ் ஒன் இயற்பியல் செய்முறையில் மறுபடி வரும். ஐடிஐ ஃபிட்டர், டர்னர், மெஷினிஸ்ட் வகுப்புகளில் தினமும் கையில் இருக்கும். பொறியியல் கல்லூரியின் பட்டறையிலும் அதுவே. இரண்டு பாதையும் ஒன்றாகக் கிளம்புகிற இடத்தை இதைவிடத் துல்லியமாகக் காட்ட முடியாது.

பள்ளி வெர்னியரில் மீச்சிற்றளவு (கருவி அளக்கக்கூடிய மிகச் சிறிய அளவு) 0.01 செ.மீ., அதாவது 0.1 மி.மீ. பட்டறையில் புழங்குவது 0.02 மி.மீ. உள்ளது. அதில் 49 மி.மீ. நீளத்தை 50 பிரிவுகளாகப் பகுத்திருப்பார்கள். ஒரு தண்டின் விட்டத்தை அளக்கிறோம் என்று வையுங்கள். வெர்னியரின் சுழிக்கோடு முதன்மைக் கோலில் 23 மி.மீ.யைத் தாண்டி நிற்கிறது. வெர்னியரின் 17ஆவது கோடு மேலே உள்ள ஒரு கோட்டோடு நேராகப் பொருந்துகிறது. 23 + (17 × 0.02) = 23.34 மி.மீ. இதோடு நிறுத்தினால் தப்பு. தாடைகளை மூடிவைத்துப் பார்த்தபோது கருவி ஏற்கெனவே 0.04 காட்டியிருந்தால் அதைக் கழிக்க வேண்டும். உண்மையான விட்டம் 23.30. வரைபடத்தில் 23.30, கூட்டியோ குறைத்தோ 0.02 வரை போகலாம் என்று போட்டிருந்தால், சுழிப்பிழையைக் கழிக்க மறந்தவர் நல்ல தண்டை ஒதுக்கிப் போடுவார். பிழை எதிர்ப்பக்கம் இருந்தால் கெட்ட தண்டு தேறிப் போகும். தேர்வில் அரை மார்க் போகிற இந்தத் தவறு, ஆலையில் ஒரு பெட்டிச் சரக்கையே திருப்பி அனுப்பவைக்கும்.

மாணவர்கள் தப்புவிடுவது பெரும்பாலும் நான்கு இடங்களில். சுழிக்கோட்டுக்குப் பதிலாக வெர்னியர் சட்டத்தின் விளிம்பை வைத்து முதன்மை அளவை எடுப்பது. செ.மீ.யையும் மி.மீ.யையும் கலப்பது. கண்ணைக் கோட்டுக்கு நேராக வைக்காமல் பக்கவாட்டில் பார்ப்பது. தாடையை அழுத்தி நெருக்குவது. நான்கும் கையில் பிடித்தால்தான் திருந்தும், கரும்பலகையில் திருந்தாது.

ஆனால் பெரும்பாலான வகுப்புகளில் ஆசிரியர் ஒருமுறை செய்து காட்டுவார், பிள்ளைகள் அட்டவணையைப் பார்த்து எழுதுவார்கள். அதற்குக் காரணம் சோம்பல் இல்லை, எண்ணிக்கை. 40 பேர், 5 வெர்னியர் என்றால் ஒன்றுக்கு எட்டுப் பேர். ஒருவர் மூன்று பொருளை அளக்க, பொருளுக்கு இரண்டு நிமிடம் என்றால் எட்டுப் பேருக்கு 48 நிமிடம். ஒரு பீரியடில் அடங்காது. வகுப்பை இரண்டாகப் பிரித்தால் அடங்கும். பாதிப் பேர் அளக்கட்டும், கருவிக்கு நான்கு பேர், 24 நிமிடம். மீதிப் பாதி அதே நேரத்தில் அலகு மாற்றும் கணக்குகளைப் போடட்டும். மறுநாள் மாற்றிக்கொள்ளலாம். அளக்கும் பொருள்களுக்கு எண் ஒட்டி, சரியான அளவை ஆசிரியர் முன்பே குறித்துவைத்திருக்க வேண்டும். அப்படி வைத்தால் பார்த்து எழுதியது உடனே தெரிந்துவிடும். இரண்டு பீரியட் இதற்குப் போவதில் நட்டமே இல்லை.

இதே மாதிரி மின்சாரப் பாடத்துக்கு ஊரிலேயே கருவி இருக்கிறது. தாமிரபரணிப் பாசனத்தில் மோட்டார் இல்லாத தெரு அபூர்வம். மோட்டாரின் பெயர்ப்பலகையைப் படம் பிடித்துவந்து குதிரைத்திறன், வோல்ட், ஆம்பியர், சுற்று வேகம் ஒவ்வொன்றையும் வாசிக்கவைக்கலாம். 1 குதிரைத்திறன் (எச்.பி.) என்பது 746 வாட். மோட்டார் இழுக்கும் மின்சாரத்தில் 75 சதவீதம்தான் வேலையாக மாறுகிறது என்றால் அது இழுப்பது 746 ÷ 0.75, ஏறக்குறைய 995 வாட். ஒரு மணி நேரம் ஓடினால் ஒரு யூனிட். பத்தாம் வகுப்புக் கணக்கு, எலக்ட்ரீசியன் வேலை, ஆங்கிலச் சுருக்கெழுத்தை வாசிக்கும் பழக்கம் மூன்றும் ஒரே பலகையில் கிடைக்கின்றன.

வருடக் கணக்கைப் போட்டுப் பாருங்கள்

ஐடிஐக்குப் போனால் படிப்பு அத்தோடு முடிந்தது என்ற பயம் ஒன்று உண்டு. பத்தாம் வகுப்புக்குப் பிறகு பிளஸ் டூ படித்து பி.இ. முடிக்க 2 + 4, ஆறு வருடம். பாலிடெக்னிக் டிப்ளமோ 3 வருடம் முடித்து, நேரடி இரண்டாம் ஆண்டில் பி.இ. சேர்ந்தால் 3 + 3, அதே ஆறு வருடம். இரண்டு வருட ஐடிஐ முடித்து, டிப்ளமோவில் நேராக இரண்டாம் ஆண்டு சேர்ந்து, பிறகு பி.இ.யிலும் இரண்டாம் ஆண்டு சேர்ந்தால் 2 + 2 + 3, ஏழு வருடம். ஒரு வருடம்தான் கூடுதல், நடுவில் எங்கே நின்றாலும் கையில் ஒரு சான்றிதழ் இருக்கும். வீட்டு நிலைமை எப்போது கைவிடும் என்று தெரியாத குடும்பத்துக்கு இந்த வேறுபாடு மிகப் பெரியது.

இதில் ஒரு நுணுக்கம். ஐடிஐயிலிருந்து டிப்ளமோ இரண்டாம் ஆண்டுக்குத் தாவ இரண்டு வருட ஐடிஐ வேண்டும். எலக்ட்ரீசியன், ஃபிட்டர், டர்னர், மெஷினிஸ்ட், ஏ.சி. மெக்கானிக் ஆகியவை இரண்டு வருடத் தொழிற்பிரிவுகள். வெல்டர், டீசல் மெக்கானிக், கம்ப்யூட்டர் ஆபரேட்டர் ஒரு வருடம். சீக்கிரம் வேலைக்குப் போகலாம் என்று ஒரு வருடப் பிரிவை எடுத்தவருக்கு மேலே ஏறும் படி குறுகிவிடுகிறது. அணுமின் கழகமும் இரண்டு வருடத்துக்குக் குறைந்த பிரிவுகளுக்குக் கூடுதலாக ஒரு வருட அனுபவம் கேட்கிறது. வெல்டிங் நல்ல தொழில், நல்ல கைக்கு எங்கும் மதிப்புண்டு. ஆனால் மேலே படிக்கும் எண்ணம் சற்றேனும் இருந்தால் சேருமுன் இதைக் கணக்கில் வைக்க வேண்டும்.

இன்னொன்று, ஐடிஐ முடித்ததும் ஒரு வருட அப்ரண்டிஸ், அதாவது நிறுவனத்திலேயே தொழில் பழகும் பயிற்சி. 1961ஆம் ஆண்டின் அப்ரண்டிஸ் சட்டப்படி நிறுவனங்கள் பயிற்சியாளர்களை எடுக்கின்றன, மாத உதவித்தொகை உண்டு, முடிவில் தேசியச் சான்றிதழ் உண்டு. இதைச் சம்பளம் குறைவான வேலை என்று நினைத்துத் தவிர்த்துவிட்டு, சான்றிதழ் தராத தினக்கூலிக்குப் போகும் பையன்கள் நிறைய. முதல் வருடம் கையில் இருநூறு முந்நூறு கூடக் கிடைக்கலாம், ஐந்து வருடம் கழித்து விண்ணப்பம் போடும்போது காட்ட ஒன்றும் இருக்காது.

தமிழக அரசு 71 அரசு ஐடிஐக்களை டாடா டெக்னாலஜிஸ் நிறுவனத்தோடு சேர்ந்து தொழில் 4.0 (கணினியும் தானியங்கி எந்திரங்களும் இணைந்த உற்பத்தி) தரத்துக்கு மேம்படுத்தியிருக்கிறது. ரோபோட்டிக்ஸ், கணினி இயக்கும் நவீன சி.என்.சி. எந்திர வேலை, மின்வாகன மெக்கானிக் போன்ற பிரிவுகள் அவற்றில் வந்துள்ளன. பழைய லேத் பட்டறையை மனதில் வைத்து ஐடிஐயை எடைபோடும் பெற்றோர் ஒருமுறை நேரில் போய்ப் பார்த்துவிட்டு வருவது நல்லது.

பிளஸ் ஒன் குரூப்

குரூப் தேர்வில் விட்டுவிடக்கூடாதது கணக்கு. ஐடிஐக்கு அடிப்படைத் தகுதி பெரும்பாலும் பத்தாம் வகுப்பு என்பதால், எந்தக் குரூப் எடுத்தாலும் அந்த வழி பிற்பாடும் இருக்கும். கணக்கு அப்படி இல்லை. பொறியியல் கலந்தாய்வின் கட் ஆஃப் 200க்கு. அதில் கணக்குக்கு முழு 100, இயற்பியலுக்கும் வேதியியலுக்கும் 50, 50. கணக்கில் 78, இயற்பியலில் 82, வேதியியலில் 74 எடுத்த பிள்ளையின் கட் ஆஃப் 78 + 41 + 37 = 156. கணக்கில் நாலு மார்க் கூடினால் நாலும் சேரும், இயற்பியலில் நாலு கூடினால் இரண்டுதான் சேரும். பிப்ரவரி மாதத்தில் எந்தப் புத்தகத்தை முதலில் எடுப்பது என்பதை இந்தக் கணக்கே சொல்லிவிடும்.

பயோ-மேத்ஸ் குரூப் இருக்கும் வழிகளிலெல்லாம் அகலமானது. பொறியியல், நர்சிங், துணை மருத்துவப் படிப்புகள், வேளாண்மை எல்லாம் அதில் அடங்கும். கிள்ளிகுளம் வேளாண் கல்லூரியும் ராமையன்பட்டி கால்நடை மருத்துவக் கல்லூரியும் நமக்குப் பக்கத்திலேயே இருக்கின்றன. ஆனால் சுமை அதிகம். பத்தாம் வகுப்புக் கணக்கில் அறுபதைத் தொடாத பிள்ளையை ஆசைக்காக அதில் சேர்த்தால் நாலு பாடமும் அரைகுறையாகும்.

தொழிற்கல்விக் குரூப் பற்றித் தனியே சொல்ல வேண்டும். 1978இல் பிளஸ் டூ வந்தபோதே இந்தப் பிரிவும் வந்தது. அடிப்படை எந்திரவியல், மின்பொறியியல், வேளாண் அறிவியல், நர்சிங், அலுவலக மேலாண்மை என்று பிரிவுகள். படித்துவிட்டு நேராக வேலைக்கும் போகலாம், பொறியியல் கலந்தாய்வில் தொழிற்கல்வி மாணவருக்கென்று 2 சதவீத ஒதுக்கீடும் உண்டு. இரண்டு பாதைக்கும் பிள்ளையைத் தயார்படுத்த இதைவிடப் பொருத்தமான ஏற்பாடு பள்ளிக்குள் வேறில்லை. அதுவே இப்போது மெலிந்து கிடக்கிறது. அந்நாளில் பணியில் சேர்ந்த ஆசிரியர்கள் ஓய்வுபெற்றபோது பல பள்ளிகளில் அந்த இடங்கள் நிரப்பப்படவில்லை, குரூப்பே மூடப்பட்டது. புதிய திட்டங்களுக்குச் செலவிடும் அக்கறையில் ஒரு பங்கு இந்தக் காலியிடங்களுக்கும் வர வேண்டும்.

பள்ளி மாறும்போது

நெல்லைக்கே உரிய சிக்கல் ஒன்று இருக்கிறது. பாளையங்கோட்டையிலும் சுற்றுவட்டாரத்திலும் நூறாண்டு கடந்த அரசு உதவிபெறும் பள்ளிகள் பல. கிராமத்து அரசு உயர்நிலைப் பள்ளியில் பத்து முடித்த பிள்ளையை, பேர்போன பள்ளி என்று அங்கே பிளஸ் ஒன் சேர்ப்பது வழக்கம். ஆசிரியர்கள் நல்லவர்கள், ரிசல்ட்டும் நன்றாக இருக்கும். ஆனால் அந்த ஒரு மாற்றத்தால் 7.5 சதவீத இடஒதுக்கீடு போய்விடும். அரசுப் பள்ளி மாணவருக்கான இந்த ஒதுக்கீடு 2020இல் மருத்துவத்துக்கும், 2021இல் பொறியியல், வேளாண்மை, சட்டம் முதலிய தொழிற்படிப்புகளுக்கும் வந்தது. ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியிலேயே படித்திருக்க வேண்டும். கல்வி உரிமைச் சட்டத்தின் கீழ் எட்டு வரை தனியார் பள்ளியில் படித்து, ஒன்பது முதல் அரசுப் பள்ளிக்கு வந்தவருக்கு மட்டும் விலக்கு. உதவிபெறும் பள்ளி இதில் சேராது. இந்த ஒதுக்கீட்டில் பொறியியல் சேர்ந்தால் கல்விக் கட்டணத்தோடு விடுதிக் கட்டணத்தையும் அரசே ஏற்கிறது. பீடி சுற்றும் தாயின் பிள்ளைக்கு அது நாலு வருடப் படிப்பையே தீர்மானிக்கிற விஷயம். டி.சி. (மாற்றுச் சான்றிதழ்) கேட்டு வரும் பெற்றோரிடம் தலைமையாசிரியர் இதை உட்காரவைத்துச் சொல்லிவிட்டுத்தான் கையெழுத்துப் போட வேண்டும்.

தமிழ்வழி, ஆங்கிலவழி மாற்றமும் இப்படியே. டிஎன்பிஎஸ்சி தேர்வுகளில் தமிழ்வழியில் படித்தோருக்கு 20 சதவீத ஒதுக்கீடு உண்டு. அதற்கு ஒன்றாம் வகுப்பிலிருந்தே தமிழ்வழியில் படித்திருக்க வேண்டும். நடுவில் இரண்டு வருடம் ஆங்கிலவழிப் பிரிவில் உட்கார்ந்தால் அது கைவிட்டுப் போகும்.

தமிழ்வழியில் படித்து பி.இ. போகும் பிள்ளை முதல் செமஸ்டரில் தடுக்கி விழுவதும் உண்மை. பெரும்பாலும் அறிவுக் குறைவால் இல்லை. தொகையிடல் தெரிந்திருக்கும், கேள்வி என்ன கேட்கிறது என்பது தெரியாது. பொதுத்தேர்வு முடிந்து கல்லூரி திறக்கும் வரை மூன்று மாதம் கிடைக்கிறது. கணக்கு, இயற்பியல், வேதியியல் புத்தகங்களின் ஆங்கிலப் பதிப்பை வைத்துக்கொண்டு, தனக்குத் தெரிந்த பாடத்தை அதில் வாசிக்கட்டும். ஒரு நாளைக்கு ஐந்து சொல்லைத் தமிழோடு சேர்த்து நோட்டில் எழுதினால் மூன்று மாதத்தில் நானூறைத் தாண்டும். முதல் வருடத்துக்கு அது போதுமான பிடிமானம்.

பணமும் காகிதமும்

அரசுப் பள்ளியில் படித்துவிட்டு உயர்கல்விக்குப் போகும் பெண்களுக்கு மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப் பெண் திட்டம் 2022 செப்டம்பரிலும், ஆண்களுக்கான தமிழ்ப் புதல்வன் 2024 ஆகஸ்ட்டிலும் தொடங்கின. ஐடிஐ, டிப்ளமோ படிப்பவருக்கும் இவை உண்டு என்பது பலருக்குத் தெரிவதில்லை. முக்கூடல், மேலப்பாளையம் பக்கத்துப் பீடித் தொழிலாளர் வீட்டுப் பிள்ளைகளுக்கு மத்தியத் தொழிலாளர் அமைச்சகத்தின் உதவித்தொகை தனியாக இருக்கிறது. ஐடிஐ, பாலிடெக்னிக், பட்டப்படிப்புக்கு வருடம் 6,000 ரூபாய், பொறியியல், மருத்துவம் போன்றவற்றுக்கு 25,000. அம்மாவின் பீடித் தொழிலாளர் அடையாள அட்டை இருந்தால்தான் விண்ணப்பிக்க முடியும்.

பணம் வராமல் போவதற்கு முதற்காரணம் பெயர். பள்ளிப் பதிவேட்டில் இசக்கியம்மாள், ஆதாரில் எசக்கியம்மாள். ஆங்கிலத்தில் ஒன்று 'ஐ' எழுத்தில் தொடங்கும், இன்னொன்று 'ஈ' எழுத்தில். ஒன்றில் இனிஷியல், மற்றதில் அப்பா பெயர் முழுதாக. ஆள் ஒன்றுதான் என்று ஊருக்கே தெரியும், கணினிக்குத் தெரியாது. பத்தாம் வகுப்புப் பெயர்ப்பட்டியல் அரசுத் தேர்வுத் துறைக்குப் போகுமுன் ஆதார், பிறப்புச் சான்று, பள்ளிப் பதிவேடு மூன்றையும் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டுத் திருத்திவிட வேண்டும். மார்க் ஷீட் அச்சான பிறகு திருத்துவது பெரும்பாடு. இரண்டாவது காரணம் வங்கிக் கணக்கு. மாணவரின் சொந்தப் பெயரில், ஆதார் இணைக்கப்பட்ட கணக்காக இருக்க வேண்டும். அப்பாவின் கணக்கு எண்ணைக் கொடுத்தால் தொகை திரும்பிப் போகும்.

சாதி, வருமான, இருப்பிடச் சான்றுகளை ஈ-சேவை மையத்தில் ஜனவரியிலேயே விண்ணப்பித்துவிடலாம். முதல் பட்டதாரிச் சான்றுக்கு வீட்டில் மற்ற யாரும் பட்டம் பெறவில்லை என்ற உறுதிமொழியும் வேண்டியிருப்பதால் நாளாகும். மே மாதம் போனால் எல்லோரும் வரிசையில் நிற்பார்கள்.

பிளஸ் டூவில் தவறியவர்கள்

எல்லா ஏற்பாட்டிலும் விடுபடுகிறவர்கள் பிளஸ் டூவில் ஒன்றிரண்டு பாடம் தவறியவர்கள். ஜூன், ஜூலையில் துணைத்தேர்வு இருக்கிறது. ஆனால் அதன் முடிவு வந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று உட்கார்ந்தால், அதற்குள் ஐடிஐ சேர்க்கை முடியும் தறுவாய்க்கு வந்துவிடும். பத்தாம் வகுப்பு மார்க்கை வைத்து ஐடிஐக்கு விண்ணப்பித்துச் சேர்ந்துகொண்டு, துணைத்தேர்வையும் எழுதலாம். பாஸாகிவிட்டால் காலேஜா ஐடிஐயா என்று அப்போது முடிவெடுக்கட்டும்.

இந்தப் பிள்ளைகள் வெட்கப்பட்டுக்கொண்டு டி.சி. வாங்கவே பள்ளிக்கு வருவதில்லை. டி.சி. இல்லாமல் எங்கும் சேர முடியாது. ரிசல்ட் வந்த ஒரு வாரத்துக்குள், சான்றிதழ் வாங்காதவர்களின் பட்டியலை வகுப்பாசிரியர் எடுத்து ஒவ்வொரு வீட்டுக்கும் போன் போட வேண்டும். எண் மாறியிருந்தால் அதே தெருப் பிள்ளையிடம் சொல்லி அனுப்ப வேண்டும். நாற்பது பேர் வகுப்பில் அப்படி நாலைந்து பேர்தான் இருப்பார்கள், ஒரு மாலைப் பொழுதில் முடிகிற வேலை.